பாடசாலை வேலியில் விடப்பட்டுள்ள சிலந்தி வலைகள் குறித்து

அதிபர் அலுவலகம்,
திருகோணமலை.

அன்புள்ள பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும்,

இத்தவணைத் தொடக்கத்தில் நடந்த சிரமதானத்தில் வகுப்பறைகளின் ஒட்டடை முழுவதையும் அகற்றிய மாணவர்களிடம், பின்வேலியிலும் தோட்டத்திலும் உள்ள சிலந்தி வலைகளைத் தொட வேண்டாம் என்று நான் கூறியிருந்தேன். அதற்கான காரணத்தை உங்களிற் சிலர் கேட்டிருந்தீர்கள். பிள்ளைகளின் பாதுகாப்போடு தொடர்புள்ள கேள்வி என்பதால் விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

வேலியில் இருப்பவை பெரும்பாலும் தோட்டச் சிலந்திகள். வலையின் நடுவே வெள்ளை நூலால் பெருக்கற்குறி போலப் பின்னி, எட்டுக் கால்களையும் இரண்டிரண்டாகச் சேர்த்துத் தலைகீழாக நிற்பதைப் பிள்ளைகள் உங்களுக்குக் காட்டியிருப்பார்கள். இலங்கையில் 500க்கும் மேற்பட்ட சிலந்தி இனங்கள் பதிவாகியுள்ளன. அநேகமாக எல்லாவற்றுக்கும் நஞ்சு உண்டு. ஆயினும் அது இரையை அடக்குவதற்கானது, நம்முடைய தோலைத் துளைத்துத் துன்பம் தரக்கூடியவை மிகச் சிலவே. உடம்பில் கொப்புளம் வரிசையாக எழுந்தால் 'சிலந்தி பட்டுவிட்டது' என்று சொல்லி எண்ணெய் தடவி இருந்துவிடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அவ்வாறான கொப்புளங்களிற் பல வைரசுத் தொற்றினாலோ, நசுக்கப்படும்போது எரிச்சலூட்டும் நீரைக் கசியவிடும் ஒருவகைச் சிறு வண்டினாலோ ஏற்படுபவை. சிலந்தியைப் பழிப்பதால் மருத்துவரிடம் போவது தாமதமாகிறது என்பதே என் கவலை.

உங்களிற் பலர் தம்பலகாமம், மூதூர், கிண்ணியாப் பக்கங்களில் வயல் செய்பவர்கள். உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லைதான், இருந்தாலும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். நெற்பயிரின் அடித்தண்டில் மொய்த்துச் சாற்றை உறிஞ்சி, பயிரை எரிந்ததுபோலக் காயச் செய்யும் கபிலநிறத் தத்திப் பூச்சியை அந்த இடத்திலேயே வேட்டையாடுபவை, வலை கட்டாமல் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஓடித் திரியும் ஓநாய்ச் சிலந்திகள். பூச்சிநாசினியை முன்கூட்டியே விசிறினால் தத்தியோடு சிலந்தியும் சாகிறது. தத்தியின் முட்டைகளோ பயிர்த் திசுவுக்குள் இடப்பட்டிருப்பதால் தப்பிக்கொள்கின்றன. அவை பொரிக்கும்போது தின்பதற்குச் சிலந்தி இல்லாததால், மருந்தடித்த வயலிலேயே தத்தி முன்னிலும் அதிகமாகப் பெருகுவதுண்டு. உலகச் சிலந்திகள் அனைத்தும் ஆண்டொன்றுக்கு 40 கோடி முதல் 80 கோடி தொன் வரையான இரையை உண்கின்றன என்று 2017இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது. அதில் பெரும்பகுதி பூச்சிகளே.

எல்லோரும் அஞ்சுவது உடலெங்கும் மயிர் அடர்ந்த பெரிய சிலந்தியான புலிமுகச் சிலந்தியை. அந்த அச்சத்தை நான் ஏளனம் செய்ய மாட்டேன்: அது கடித்தால் கடும் வலியும் வீக்கமும் தசைப்பிடிப்பும் வரலாம், எனவே கடிபட்டவரை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். ஆனால் அது மனிதரைத் தேடி வருவதில்லை. முதிய மரப் பொந்துகளில் வாழும் இச்சிலந்தி, மரங்கள் தறிக்கப்பட்டபின் கூரை இடுக்குகளை நாடுகிறது. வீட்டுக்குள் காணப்படுபவை பல வேளைகளில் பெண்ணைத் தேடி அலையும் ஆண்கள். புலிமுகச் சிலந்திகள் அடங்கும் பீசிலோத்தேரியா என்னும் பேரினம் இந்தியாவையும் இலங்கையையும் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லை. 2012இல் வட மாகாணத்திலிருந்து இதில் ஒரு புதிய இனம் விவரிக்கப்பட்டது. உள்ளூர்வாசி ஒருவர் 2009இல் ஆய்வாளர்களிடம் கொடுத்த இறந்த சிலந்தியே அத்தேடலுக்குத் தொடக்கமாயிற்று. தேடலில் துணைநின்ற பொலிஸ் அதிகாரி ஒருவரின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். வெளிநாடுகளில் செல்லப்பிராணியாக விற்பதற்காகவும் இவை பிடிக்கப்படுவதால், இலங்கையும் அமெரிக்காவும் முன்வைத்த பிரேரணைப்படி 2019இல் இப்பேரினம் முழுவதும், காட்டுயிர்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் சேர்க்கப்பட்டது. இம்முடிவை எடுத்த சைட்டிஸ் மாநாடு முதலில் கொழும்பில் நடக்கவிருந்து, அவ்வாண்டின் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின் ஜெனீவாவுக்கு மாற்றப்பட்டது என்பதும் சிலருக்கு நினைவிருக்கலாம்.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். வீட்டினுள் ஒட்டடை அடியுங்கள், அதில் தவறில்லை. வேலியிலும் மரங்களிலும் உள்ள வலைகளை விட்டுவிடுங்கள். புலிமுகச் சிலந்தியைக் கண்டால் மண்ணெண்ணெய் ஊற்றி எரிக்க வேண்டாம். பிள்ளைகளை விலக்கிவிட்டுப் பெரியவர் ஒருவர் நீளமான தும்புத்தடியால் அதை வெளியே செலுத்தலாம். இயலாவிட்டால் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். எக்காரணத்துக்காகவும் கையால் பிடிக்கக் கூடாது. சிலந்தி பிடித்துத் தந்தால் பணம் தருவதாக எவரேனும் பிள்ளைகளை அணுகினால் உடனே எனக்குத் தெரியப்படுத்துங்கள்.

கோச்செங்கட் சோழன் முற்பிறப்பில் திருவானைக்காவில் இறைவனுக்கு வலைப்பந்தல் இட்ட சிலந்தி என்னும் கதையையும், நபிகள் நாயகம் தங்கியிருந்த குகைவாயிலில் சிலந்தி வலை பின்னிய கதையையும் வீட்டில் ஒருமுறை சொல்லுங்கள். பாடநூலைவிட அவை பிள்ளைகளுக்கு நன்றாகப் பதியும்.

தரம் 8 மாணவர்கள் விஞ்ஞான ஆசிரியரின் மேற்பார்வையில் பாடசாலை வளவுக்குள் உள்ள சிலந்திகளைத் தொடாமல் பார்த்து, வரைந்து, பதிவு செய்யவுள்ளார்கள். இணைக்கப்பட்டுள்ள சம்மதப் படிவத்தில் கையொப்பமிட்டு எதிர்வரும் வெள்ளிக்கிழமைக்கு முன் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். பூச்சிக்கடி ஒவ்வாமை உள்ள பிள்ளையாயின் அதைப் படிவத்தில் தவறாது குறிப்பிடவும்.

இப்படிக்கு,
அதிபர்