கடதாசி வகுப்பு இனி என் பொறுப்பில், ரீச்சர்

அன்புள்ள ரீச்சர்,

பழைய கடதாசியைக் கூழாக்கிப் பிள்ளைகள் கையால் தாள் செய்யப் பழகுகிற, நீங்கள் விட்டுப்போன கடதாசி வகுப்பை இரண்டாம் தவணையிலிருந்து நான் நடத்தப் போகிறேன். ஏன் இவ்வளவு நாள் இழுபட்டது என்று உங்களுக்குத் தெரியும். திருகோணமலையில் எந்தப் பாடசாலை என்று இங்கே எழுதவில்லை. வாசிக்கிற சிலர் தேடுவார்கள்.

கண்காட்சிக்கு முதல்நாள் புது ஏ4 கட்டை உடைத்துக் கிழித்தீர்களே, அதுதான் கண்ணுக்குள் நிற்கிறது. "பத்திரிகைக் கூழ் சாம்பலாய் வருது, வாறவைக்கு வெள்ளையாய்க் காட்டவேணும்" என்றீர்கள். பக்கத்தில் நின்ற தரம் ஐந்துப் பிள்ளை கேட்டாள்: "புதுசைக் கிழிச்சா இது என்ன மீள்சுழற்சி?" நீங்கள் மிக்சியைப் போட்டுவிட்டீர்கள். எல்லார் முன்னும் அப்போது நான் உங்களை மறித்ததற்கு மன்னியுங்கள். ஆனாலும் அந்தச் சாம்பல் நிறம்தானே பாடம்? அது அச்சு மை. ஆலையில் சவர்க்காரமும் காற்றுக் குமிழியும் விட்டு, மையை நுரையோடு வழித்தெடுப்பார்கள். வாளியில் அது நடக்காது. இதைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும்.

2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சை தள்ளிப்போனதைப் பிள்ளைகளுக்குச் சொல்லப்போகிறேன். வயலில் கிடக்கிற வைக்கோலில்தான் மட்டக்களப்புப் பக்கத்து வாழைச்சேனை ஆலை கடதாசி செய்தது என்பதையும்.

வலை அடித்த சட்டத்தைக் கூழ்த்தண்ணீருக்குள் இறக்கித் தூக்கக் காட்டிக்கொடுக்க உங்களைப்போல் எனக்கு வராது. பின்னால் நின்று பிள்ளையின் மணிக்கட்டுகளைப் பிடித்து, சரிவாய் இறக்கி, மட்டமாய்த் தூக்கி, தண்ணீர் வடியுமுன் முன்னும் பின்னும் ஒருதரம், பக்கவாட்டில் ஒருதரம் அசைப்பீர்கள். நார் குறுக்கும் நெடுக்கும் பின்னுவது அந்த அசைவில்தான். வடிந்த பிறகு ஆட்டினால் ஓட்டை விழும்.

மற்றதெல்லாம் என் முறைப்படி. கடதாசியைச் சிறு துண்டாய்க் கிழித்து இரவு முழுக்க ஊறவைப்பேன்; ஊறாதது கட்டியாய் நிற்கும். ஊறியதில் ஒரு கைப்பிடிக்கு ஒரு லீற்றர் தண்ணீர். மிக்சியை விட்டுவிட்டு ஓட்டவேண்டும், நீங்கள் ஓட்டினமாதிரி அல்ல: நார் அறுந்தால் தாளில் பலம் இராது. மீளச் செய்யும் ஒவ்வொரு தடவையும் நார் குறுகும்; ஐந்து முதல் ஏழு தடவையோடு ஓய்ந்துவிடும். ஆகவே கொப்பியின் மறுபக்கத்திலும் எழுதுவதுதான் முதல் வேலை, கூழ் பிறகு. பளபளப்பு விளம்பரத்தாள் ஆகாது, களிமண் பூச்சு. கடை பில்லும் ஆகாது, அதிலுள்ளது இரசாயனப் பூச்சு. பேனா மை ஊறாமலிருக்கக் கூழில் கொஞ்சம் கஞ்சி விடுவேன்.

கச்சான் என்கிற வறண்ட தென்மேல் காற்றில் நேரே காயப்போட்டால் தாள் அப்பளமாய்ச் சுருளும். துணிகளுக்கு நடுவே வைத்து, பலகை போட்டு, கல்லேற்றிப் பிழிந்தபின் துணியோடு நிழலில் காயவிட வேண்டும். மிச்சக் கூழைக் கானுக்குள் ஊற்ற விடமாட்டேன், அடைத்துவிடும். வடித்து உருட்டி வைத்தால் அடுத்த வகுப்புக்கு ஆகும்.

போகும்போது சட்டத்து வலையைக் கழற்றிக்கொண்டு போயிருக்கிறீர்கள். அதை ஏன் என்று கேட்கமாட்டேன். நுளம்பு வலை வாங்கி இழுத்து அடித்துவிட்டேன். தொய்ந்தால் தாளின் நடு தடிக்கும். அந்தப் பழைய சேலைத் துண்டுகளை மட்டும் அனுப்பிவையுங்கள். புதுத்துணி தண்ணீரை உறிஞ்சாது, தாளும் ஒட்டிக்கொள்கிறது.