கையேட்டில் ஒரு வரி சேருங்கள்

தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும் சேர்க்கைக் குழுப் பேராசிரியர்களுக்கும் வணக்கம்.

நான் அரசு மேல்நிலைப் பள்ளியொன்றில் வணிகவியல் நடத்தும் முதுகலை ஆசிரியர். என் பழைய மாணவி ஒருத்தி பி.காம். முடித்த கையோடு, மதிப்பெண் பட்டியல்களையும் சாதிச் சான்றையும் பிளாஸ்டிக் உறையில் அடுக்கிக்கொண்டு பி.எட். விண்ணப்பம் நிரப்ப என் வீட்டுக்கு வந்தாள். வணிகவியல் படித்தவர்கள் எம்.காம். முடித்த பிறகே பி.எட். சேர முடியும் என்பதை அவள் அன்றுதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டாள். "அப்போ இன்னும் நாலு வருஷமா, சார்?" என்று கேட்டாள். எம்.காம். இரண்டு, பி.எட். இரண்டு, கணக்கில் அவள் என்றுமே கெட்டி. பன்னிரண்டாம் வகுப்பிலேயே சொல்லாமல் விட்ட குற்றம் எனக்கும் உண்டு. ஆனால் கல்லூரியில் கழிந்த மூன்றாண்டுகளிலும் யாரும் சொல்லவில்லை என்பதுதான் இம்மடலை எழுத வைத்தது.

விதியைக் குறை சொல்ல நான் வரவில்லை. இளங்கலையோடு பி.எட். முடித்தவர் பட்டதாரி ஆசிரியராக நடத்துவது ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை; அவ்வகுப்புகளில் வணிகவியல் என்றொரு பாடமே கிடையாது. அது பதினொன்றாம் வகுப்பில்தான் தொடங்குகிறது, நடத்துபவரும் முதுகலை ஆசிரியர். பொருளியல் பத்தாம் வகுப்பு வரை சமூக அறிவியல் நூலுக்குள் இருந்தாலும், சமூக அறிவியலுக்கான பட்டதாரி ஆசிரியர் பணியிடம் வரலாறும் புவியியலும் படித்தவர்களுக்கே என்பதால், பி.ஏ. பொருளியல் மாணவருக்கும் இதே நிலைதான்.

இதைவிடச் சிக்கலானது பட்டங்களின் புதுப்பெயர். பள்ளியில் இருப்பவை இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் என்னும் பழைய பெயர்களே. வேறு பெயரில் வழங்கப்படும் பட்டம் இவற்றில் எதற்கு இணையானது என்று உயர்கல்வித் துறை அரசாணை பிறப்பித்திருந்தால்தான் ஆசிரியர் பணிக்கு அது செல்லும். அந்த ஆணையைத் தேடி அலையும் வேலை, பாடப்பிரிவைத் தொடங்கிய கல்லூரிக்கு அல்லாமல், படித்து முடித்த பிள்ளைக்கே வந்து சேர்கிறது.

முதுகலை ஆசிரியர் பணிக்கு இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடத்திலோ இணையான பாடத்திலோ இருக்க வேண்டும் என்பதை அறியாமல், இளங்கலையில் ஆங்கிலமும் முதுகலையில் வேறொன்றும் படித்துவிட்டு நிற்பவர்களும் உண்டு. "அலைடுதானே, சார்" என்று துணைப்பாடத்தை அலட்சியப்படுத்துகிறவர்களுக்கு, பி.எட். சேர்க்கையில் முதன்மைப் பாடத்தோடு அந்த மதிப்பெண்ணும் சேர்த்தே பார்க்கப்படுகிறது என்று முதலாண்டிலேயே சொல்ல வேண்டும்.

நான் கேட்பது பெரிய செலவு வைக்கும் காரியமன்று. சேர்க்கைக் கையேட்டில் ஒவ்வொரு பட்டத்தின் பெயருக்கும் எதிரே, அதைக் கொண்டு நேரே பி.எட். சேரலாமா, முதுகலை முடிக்க வேண்டுமா, எந்தப் பள்ளிப் பாடத்துக்கு இணையானது, அதற்கான அரசாணை எண் என்ன என்று தமிழில் ஒரு வரி அச்சிடுங்கள். ஆணை இல்லையென்றால் இல்லை என்றே போடுங்கள். விதிகள் மாறக்கூடியவை என்பதால், ஆண்டுதோறும் கையேடு அச்சுக்குப் போகுமுன் துறைத்தலைவர் அந்த வரியைச் சரிபார்த்துக் கையெழுத்திடட்டும்.

இப்படிக்கு,
வணிகவியல் ஆசிரியர் ஒருவர்