தலை தட்டி அளந்து போடு தம்பி

தம்பி,

நேத்து வீடியோ கால்ல ஒம் மகள, எம் பேத்தியப் பாக்கத்தான் உக்காந்தேன், ஆனா கண்ணு பின்னாடி கிச்சன் மேடைக்குப் போயிருச்சு. சம்பந்தி ஆச்சி புள்ளைக்குப் புட்டிப்பால் கலக்கிக்கிட்டு இருந்தாக, பால் பவுடர் டப்பா அமெரிக்கா டப்பா, கையில இருந்த ஸ்பூன் மட்டும் காரைக்குடியில இருந்து அவுக கொண்டுபோன டப்பாவோடது. அப்பவே சொல்லியிருக்கலாம், பெரியவுக, மனசு சங்கடப்படுவாகளேன்னு விட்டுட்டேன், ராத்திரி பூரா தூக்கமில்ல.

நம்மூரு டப்பாவுல ஒரு ஸ்பூனுக்கு 30 மில்லி தண்ணி. அமெரிக்காவுல விக்கிற பல டப்பாவுல ஒரு ஸ்பூனுக்கு 2 அவுன்ஸ், அதாவது 60 மில்லி, ஸ்பூனும் பெருசு. இங்கத்த சின்ன ஸ்பூன வச்சுக்கிட்டு அங்கத்த கணக்குல போட்டா பால் பாதிக்குப் பாதி நீத்துப்போகும். புள்ளைக்கு வயிறு ரொம்பும், எடை ஏறாது, அப்படியே விட்டா ஒடம்புல உப்புச்சத்து கொறஞ்சு வலிப்பு வரைக்கும் கொண்டுபோய் விட்டுரும். எந்த டப்பாவோ அதுக்குள்ள இருக்க ஸ்பூன்தான். அந்த இன்னொரு ஸ்பூன இன்னைக்கே தூக்கிப் போடு.

எனக்கு எப்படித் தெரியும்னு கேப்ப. நீ பொறந்த 11ஆம் நாளு ஒங்க ஆத்தாவுக்குத் தையல் பழுத்துக் காய்ச்சல், மறுபடி ஆஸ்பத்திரி, நீ வீட்டுல புட்டிப்பால். ஒங்க அப்பத்தா கை இருக்கே, அரிசி அளந்தாலும் படி மேல கோபுரம் நிக்கும், தலை தட்டி அளந்தா வீட்டுக்கு ஆகாதும்பாக. அதே கை பால் ஸ்பூனுக்கும். நானும் பாத்துக்கிட்டுதான் நின்னேன், புள்ள நல்லா தேறட்டும்னு. மூணு நாளா நீ வெளிக்குப் போகல, வயிறு கல்லு மாதிரி, ஒதடு காஞ்சு ஒரே அழுகை. தேவகோட்டை ரோட்டுல ஒரு டாக்டர், அவரு டப்பாவ வாங்கி ஒரு ஸ்பூன் அள்ளி கத்தி முதுகால ஒரு இழுப்பு இழுத்தாரு, மேல இருந்த கோபுரம் அம்புட்டும் மேசையில கொட்டிச்சு. "இதுதாங்க ஒங்க புள்ளைக்கு வியாதி"ன்னாரு. நான் கடையில பேரேடு எழுதுற ஆளு, பைசா பிசகாது, வீட்டுல கணக்க விட்டுட்டு நின்னேன்.

அதனால தண்ணிய முதல்ல ஊத்து, கோட்டுக்கு நேரா கண்ண வச்சுப் பாரு, அப்புறம் பவுடர், அழுத்தாம தலை தட்டி. தூக்கக் கலக்கத்துல எண்ணிக்கை விட்டுப்போகும், வாய்விட்டு எண்ணு, சந்தேகம் வந்தா கொட்டிட்டு புதுசாக் கலக்கு. தண்ணி கொதிச்சு அரை மணிக்குள்ள கலந்துரணும், 70 டிகிரிக்குக் கொறையக்கூடாது, ஏன்னா பவுடர் கிருமியே இல்லாம டப்பாவுக்குள்ள வர்றதில்ல, பிறந்த புள்ளைக்கு அது ஆபத்து, அந்தச் சூட்டுலதான் கிருமி சாகும். அப்புறம் மூடி நனையாம பாட்டில பச்சத்தண்ணி சட்டியில நிப்பாட்டி ஆற வச்சு, மணிக்கட்டுல ரெண்டு சொட்டு விட்டுப் பாத்துட்டுக் குடு. மைக்ரோவேவ் வேணாம், ஒரு எடம் ஆறியும் ஒரு எடம் கொதிச்சும் இருக்கும்.

குடிச்ச மிச்சம் ஒரு மணி நேரம் தாண்டுனா கீழ ஊத்திரு. நம்ம வீட்டுல பழைய மங்கு சட்டியக்கூட தூக்கிப் போட மாட்டோம், எனக்கே கை வராது, இருந்தாலும் ஊத்திரு. பாட்டில், நிப்பிள் எல்லாம் முங்க முங்க 5 நிமிஷம் கொதிக்கணும். சம்பந்தி ஆச்சி கொண்டுவந்த வெள்ளிச் சங்கையும் அதோட சேத்துப் போடு, அதுக்குன்னு தனிச் சலுகை கெடையாது.

மருமக டப்பாவப் படிச்சுட்டு அழுகுதாமே. தாய்ப்பால்தான் சிறந்ததுன்னு நம்மூரு டப்பாவுல போட்டுத்தான் ஆகணும், குழந்தை படம்கூடப் போடக்கூடாது, 1992ல வந்த சட்டம் அது, கம்பெனிக்காரன் ஆசை காட்டக்கூடாதுன்னு. அந்தப் பொண்ணத் திட்டுறதுக்குப் போட்டதில்ல. வயித்தக் கிழிச்சு எடுத்த ஒடம்பு, சிலருக்குப் பால் ஊற நாளாகும். ஒவ்வொரு தடவையும் மொதல்ல தாய்கிட்ட போடு, பத்தலைன்னா பாட்டில். ராத்திரி 2 மணி பாட்டில் உன்னோடது, மாமியாரோடது இல்ல, தெரியுதா. நான் ஒனக்குக் கலக்குனப்ப இந்த ஊருல ஆம்பளைக சிரிச்சாக, நீ தொண்டைய நனைச்சுட்டு ஏப்பம் விட்டுத் தோள்ல தூங்குவ, அவுக சிரிப்பு எங்க கேட்டுச்சு.

சம்பந்தி ஆச்சிகிட்ட நான் சொன்னேன்னு சொல்லாத. டாக்டர் சொன்னாருன்னு சொல்லு. ஸ்பூன டப்பா பக்கத்துல வச்சு ஒரு போட்டோ அனுப்பு, அது வந்தாத்தான் நான் மத்தியானம் சாப்புடுவேன்.

அப்பச்சி