இம்மாத வாசிப்பு: இவான் சிமாத்துபாங்

உறுப்பினர்களுக்கு வணக்கம். இம்மாதம் நாம் வாசிக்கவிருக்கும் இந்தோனேசிய எழுத்தாளர் இவான் சிமாத்துபாங், 1928இல் வட சுமத்ராவின் சிபோல்காவில் பிறந்து, சுரபாயாவில் தொடங்கிய மருத்துவப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, பின்னர் ஐரோப்பாவில் மானுடவியலும் தத்துவமும் பயின்றவர். 1969இல் வெளியான அவரது ‘ஜியாரா’ நாவலில், மனைவியை இழந்து நிலைகுலைந்த ஓவியன் ஒருவன் இடுகாட்டுச் சுவருக்கு வெள்ளையடிக்கும் வேலைக்கு அழைக்கப்படுகிறான். அதுவரை அவன் புலம்பலுக்குப் பழகிப்போன ஊர், அவன் ஒழுங்காக வேலை செய்வதைக் கண்டுதான் கலங்குகிறது. (நகைச்சுவை கறுப்பானது; சிரிக்கத் தயங்க வேண்டாம்.) பெருநகரப் பாலத்தின் கீழ் வாழும் வீடற்றோரைப் பற்றிய அவரது நாடகம் அளவில் சிறியது, அதை முதலில் வாசித்துவிட்டு நாவலுக்கு வருவது எளிது. அவர் 1970இல், 42 வயதில், ஜகார்த்தாவில் காலமானார்.