எல்க் வேட்டையில் துப்பாக்கியின் விட்டத்தைவிடக் குண்டின் அமைப்பே முதன்மை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க மலை மாநிலங்களில் இலையுதிர்காலத்தில் நடைபெறும் மான் வேட்டையைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். வேட்டை உரிமம் வழங்கும் முறையையும் அந்த வருவாய் வனவிலங்குப் பராமரிப்புக்குப் பயன்படும் விதத்தையும் கட்டுரையாளர் தெளிவாக விளக்கியிருந்தார். ஆனால் மானுக்கும், மானினத்தின் மிகப் பெரிய விலங்குகளுள் ஒன்றான எல்க்குக்கும் எந்தக் குண்டு ஏற்றது என்று சொல்ல வந்த இடத்தில், துப்பாக்கிகளின் பெயர்களையும் குழல் விட்டங்களையும் வரிசைப்படுத்திவிட்டு, விலங்கு பெரியதானால் துப்பாக்கியும் பெரியதாக இருக்க வேண்டும் என்ற அளவில் நிறுத்திக்கொண்டார். கொலராடோவில் சட்டத்துக்கு உட்பட்டு வேட்டையாடி, கிடைத்த இறைச்சியைக் குடும்பத்தோடு உண்டு வருகிறவன் என்ற முறையில், அந்தப் பகுதி போதாது என்றும் ஓரிடத்தில் பிழையானது என்றும் தெரிவிக்க விரும்புகிறேன்.

பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன். தோட்டாப் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் 180 கிரெய்ன் என்ற அளவை வெடிமருந்தின் எடை என்று கட்டுரை குறிப்பிட்டிருந்தது. அது பித்தளைக் கூட்டின் வாயில் பொருத்தப்பட்டுள்ள குண்டின் எடை. ஒரு கிரெய்ன் என்பது 0.0648 கிராம், எனவே 180 கிரெய்ன் குண்டு ஏறக்குறைய 11.7 கிராம் இருக்கும். அதன் பின்னால் உள்ள மருந்து இதில் மூன்றில் ஒரு பங்கையும் எட்டாமல் இருக்கலாம். இந்த வேறுபாடு தெரியாமல் பெட்டியைப் படிப்பவருக்கு மீதி எதுவும் விளங்காது.

கொலராடோவில் ஒரே பருவத்தில் இரண்டு விலங்குகளுக்கும் உரிமம் பெறுவது இயல்பு. மியூல் மான் எனப்படும் பெருங்காது மானின் ஆண் பெரும்பாலும் 70 முதல் 110 கிலோ வரை இருக்கும். நன்கு வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும். நம் ஊர்க் காடுகளில் மிளாவைப் பார்த்தவர்கள் அதைவிடச் சற்றுப் பெரிய உருவத்தை எண்ணிக்கொள்ளலாம். மானின் விலாவைக் கடந்து நுரையீரலை அடைய ஒரு குண்டுக்கு அதிக உழைப்பு தேவையில்லை. எல்க்கிலோ தடித்த தோல், அதன்மேல் பெரும்பாலும் காய்ந்த சேறு, அதற்கடியில் கனத்த தசை, சற்றுக் குறி தவறினால் தோள் எலும்பு என்று அடுக்கடுக்காகத் தடைகள் உள்ளன. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, குண்டு எவ்வளவு ஆற்றலோடு போய்ச் சேருகிறது என்பதன்று. உள்ளே நுழைந்தபின் எப்படி நடந்துகொள்கிறது என்பதே.

கொலராடோவின் விதிகளே இந்தத் திசையில்தான் எழுதப்பட்டுள்ளன. துப்பாக்கியின் விட்டம் குறைந்தது .24 அங்குலம் இருக்க வேண்டும்; குண்டு மானுக்குக் குறைந்தது 70 கிரெய்னும் எல்க்குக்குக் குறைந்தது 85 கிரெய்னும் எடை கொண்டதாக இருக்க வேண்டும்; 100 கஜத்தில் 1,000 அடி-பவுண்டு ஆற்றல் எஞ்சியிருக்க வேண்டும். இவற்றோடு, குண்டு உள்ளே விரியும் வகையினதாக இருக்க வேண்டும் என்பதும் கட்டாயம். இந்த விரியும் குண்டுகளைத்தான் கட்டுரையாளர் போரிலேயே தடை செய்யப்பட்ட கொடிய பொருள் என்று எழுதினார். தடை உண்மைதான். கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம் ஆயுதச் சாலையில் 1890களில் ஆங்கிலேயர் உருவாக்கிய குண்டுகள் எழுப்பிய எதிர்ப்பின் தொடர்ச்சியாக, 1899 ஆம் ஆண்டு ஹேக் மாநாட்டில் மனித உடலில் எளிதில் விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்துவதில்லை என்ற பிரகடனம் வந்தது. ஆனால் போரின் நோக்கம் எதிரியைச் செயலிழக்கச் செய்வது. அதற்குமேல் அவன் காயத்தைப் பெருக்குவது வீண் கொடுமை. வேட்டையிலோ விலங்கு சில நொடிகளில் சாக வேண்டும். முழுவதும் உலோக உறையிட்ட இராணுவக் குண்டு மெல்லிய துளை ஒன்றை இட்டுவிட்டு மறுபக்கம் வெளியேறிவிடும். எல்க் அந்தக் காயத்தோடு மைல் கணக்கில் ஓடி, எவர் கண்ணிலும் படாத பள்ளத்தாக்கில் மணிக்கணக்கில் கிடந்து சாகும். எனவே கொடுமை என்று இங்கே எதையேனும் சொல்வதானால், விரியாத குண்டைத்தான் சொல்ல வேண்டும்.

விரிவது மட்டும் போதாது என்பதில்தான் இந்தத் துறையின் முழுச் சிக்கலும் அடங்கியிருக்கிறது. ஈயத்தை நடுவில் வைத்து மெல்லிய செம்பு உறையிட்ட பழைய மென்முனைக் குண்டு, மானுக்கு இன்றும் குறையில்லாதது, விலையும் குறைவு. அதையே, அதிக மருந்தால் குண்டை மிக வேகமாகச் செலுத்தும் ஒரு மேக்னம் துப்பாக்கியில் இட்டு ஐம்பது கஜத்தில் எல்க்கின் தோளில் சுட்டால், வேகம் தாங்காமல் மேலோட்டமாகவே சிதறிவிடக்கூடும். துப்பாக்கி பெரிதாகப் பெரிதாக மென்மையான குண்டு தோற்கும் வாய்ப்பும் பெருகுகிறது என்ற இந்த முரணைக் கட்டுரை தொடவேயில்லை. ஜான் நோஸ்லர் என்பவர் 1946 இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் என்ற பெரிய மானை வேட்டையாடச் சென்றபோது, சேறு காய்ந்து இறுகிய தோலில் பட்ட அவருடைய குண்டுகள் ஆழமாக இறங்காமல் உடைந்தன. அந்த அனுபவத்திலிருந்து அவர் உருவாக்கிய பார்ட்டிஷன் குண்டில் முன்பாதிக்கும் பின்பாதிக்கும் நடுவே செம்புத் தடுப்பு ஒன்று இருக்கும். முன்பகுதி விரிந்து தேய்ந்தாலும் பின்பகுதி குலையாமல் ஊடுருவிச் செல்லும். பின்னாளில் ஈயத்தையும் உறையையும் ஒன்றோடொன்று பிணைத்து ஒட்டிய குண்டுகள் வந்தன. அதற்கடுத்து ஈயமே இல்லாத, முழுவதும் செம்பாலான குண்டை யூட்டா மாநிலத்தின் பார்ன்ஸ் நிறுவனம் 1980களின் இறுதியில் சந்தைக்குக் கொண்டுவந்தது. முனையில் உள்ள குழிவு அழுத்தத்தால் பிளந்து, நான்கு இதழ்களாகப் பின்னோக்கி மடங்க, எடையில் பெரும்பகுதி அப்படியே நிற்கும். தொடக்ககாலக் குண்டுகள் குழலில் செம்புக் கறையை மிகுதியாகப் படியவிட்டதும், சில துப்பாக்கிகளில் குறி சிதறியதும் உண்மையே. குண்டின் உடலில் வளையப் பள்ளங்கள் வெட்டிய பிற்கால வடிவங்களில் அந்தக் குறை பெருமளவு நீங்கிவிட்டது.

செம்புக் குண்டை வாங்குகிறவர்கள் ஈயக் கணக்கை அப்படியே அதற்கும் போடுவது பரவலான தவறு. செம்பின் அடர்த்தி ஈயத்தைவிடக் குறைவு; அதே எடையில் செம்புக் குண்டு நீளமாகிவிடும், நீளமான குண்டைச் சீராகச் சுழலவைக்கக் குழலின் உட்புறத் திருகு வரிகளின் முறுக்கு ஒத்துழைக்க வேண்டும். தவிர, எடையை இழக்காத குண்டுக்குத் தொடக்கத்தில் அதிக எடை தேவையும் இல்லை. .30-06 என்ற பரவலான தோட்டா வகைக்கான துப்பாக்கியில் எல்க்குக்கு 180 கிரெய்ன் ஈயக் குண்டை நம்பியவர், செம்பில் 150 அல்லது 165 கிரெய்னுக்கு இறங்கலாம்; .270 வின்செஸ்டர் என்ற சற்றுச் சிறிய விட்டமுள்ள துப்பாக்கி வைத்திருப்பவர் 130 கிரெய்ன் செம்புக் குண்டு ஒன்றையே மானுக்கும் எல்க்குக்கும் பயன்படுத்தலாம். வேகம் மட்டும் குறையக்கூடாது. பல செம்புக் குண்டுகள் விநாடிக்கு ஏறத்தாழ 2,000 அடிக்குக் கீழே வந்துவிட்டால் நம்பத்தக்க வகையில் விரிவதில்லை; .30-06 இன் வேகம் 400 கஜத்தில் இந்த எல்லையைத் தொட்டுவிடுகிறது. அதற்கப்பால் சுட விரும்புகிறவரிடம், குண்டை மாற்றுவதற்குப் பதில் இன்னும் நூறு கஜம் நெருங்கிச் செல்லுங்கள் என்றே நான் சொல்வேன்.

ஈயமும் வேலையைச் செய்கிறது என்றால் செம்புக்கு ஏன் மாற வேண்டும் என்று கேட்கலாம். நானே ஈயப் பார்ட்டிஷனைக் குறைத்து மதிப்பிடமாட்டேன். விலங்கை வீழ்த்துவதில் அதற்கு இணையானவை சிலவே. ஆனால் வீழ்த்திய பின்னும் கதை முடிவதில்லை. வேட்டையாடி விலங்கின் குடலையும் உள்ளுறுப்புகளையும் காட்டிலேயே விட்டுவிட்டு வருகிறார். சிதறிய ஈயத் துணுக்குகள் அங்கே கிடக்கின்றன. கழுகுகளும் பிணந்தின்னிப் பறவைகளும் அதைத் தின்கின்றன. 1982 இல் உலகில் கலிபோர்னியா காண்டார் என்ற பெரிய பிணந்தின்னிப் பறவைகள் 22 மட்டுமே எஞ்சியிருந்தன. பிறகு கூண்டில் வளர்த்து மீண்டும் பறக்கவிடப்பட்ட அந்தப் பறவைகளின் சாவுக்கு இன்றும் முதன்மைக் காரணம் ஈய நஞ்சுதான். டைக்ளோஃபினாக் என்ற கால்நடை மருந்தால் பாறுக் கழுகுகளை இழந்து, மாயாறு பள்ளத்தாக்கில் எஞ்சியவற்றைக் காக்கப் போராடும் தமிழகத்தாருக்கு இது புதிதாகத் தோன்றாது. கலிபோர்னியா மாநிலம் 2013 இல் சட்டம் இயற்றி, 2019 ஜூலை முதல் வேட்டையில் ஈயக் குண்டுகளை முற்றாகத் தடை செய்தது. அரிசோனா தடை செய்யவில்லை. காண்டார்கள் வாழும் பகுதிக்கு உரிமம் பெற்றவர்களுக்கு 2005 முதல் ஈயமற்ற தோட்டாக்களை இலவசமாக வழங்கியது. அங்கே வேட்டையாடிகளில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் தாமாகவே முன்வந்து ஒத்துழைத்தார்கள். இந்த இரண்டாவது வழியே எனக்கு உகந்ததாகப் படுகிறது. விலை உயர்வென்று தயங்குகிறவர் கைக்கு ஒரு பெட்டி வந்து சேர்ந்தால், அவர் தன் துப்பாக்கியில் அதைச் சோதித்துப் பார்த்துத் தானே முடிவு செய்வார்.

சோதிப்பது என்றதும் ஒன்றைச் சேர்க்க வேண்டும். குண்டை மாற்றினால் படும் இடமும் மாறும். ஒரே எடையில் வேறு நிறுவனத்தின் குண்டை வாங்கினாலும், சுடும் களத்துக்குச் சென்று தொலைநோக்கியைத் திருத்தாமல் காட்டுக்குப் போகக்கூடாது. எந்தக் குண்டானாலும் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் சென்றால்தான் பயன். வயிற்றில் பட்டதை எந்த மேக்னமும் ஈடுசெய்யாது.

இறைச்சியைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்லும் இல்லாதது எனக்கு வியப்பாக இருந்தது. கொலராடோவில் உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டில் வீணே விட்டுவருவது குற்றம். சுட்டவர் அதைச் சுமந்து வந்தே ஆக வேண்டும். வயோமிங்கின் வடபகுதியில் ஈயக் குண்டுகளால் சுடப்பட்ட 30 மான்களின் இறைச்சியை ஆராய்ந்து 2009 இல் வெளியான ஆய்வில், அவற்றில் 24 மான்களின் கொத்திறைச்சிப் பொட்டலங்களில் உலோகத் துணுக்குகள் காணப்பட்டன. துணுக்குகள் குண்டு பாய்ந்த துளையிலிருந்து ஓரடிக்கு அப்பாலும் பரவக்கூடும். பல கண்ணுக்குத் தெரியாது, பல்லிலும் தட்டுப்படாது. உடலைத் தண்ணீர் விட்டு அலசினால் போய்விடும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அலசுவது ஈயத்தை மற்ற பகுதிகளுக்கும் பரப்பவே செய்கிறது.

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் வேட்டைக்குப் போவதில்லை. ஆனால் அலுவலக நண்பரோ பக்கத்து வீட்டுக்காரரோ பாசத்தோடு கொண்டுவந்து தரும் மான் கொத்திறைச்சி பல வீடுகளின் குளிர்பெட்டியில் இருக்கிறது. அது கோலா உருண்டையாகவும் சுக்காவாகவும் மாறுகிறது. தருகிறவரிடம் எந்தக் குண்டு என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. எல்க் வேட்டைக்காரர் எவரும் அந்தக் கேள்விக்கு மகிழ்ச்சியோடு, கேட்டவர் எதிர்பார்த்ததைவிட நீண்ட பதில் சொல்வார். ஈயக் குண்டு என்று தெரிந்தால், சிறு குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் அந்தக் கொத்திறைச்சியைத் தவிர்த்துவிட்டு, துளையிலிருந்து தொலைவான பின்தொடைத் துண்டுகளை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. கிரெய்ன் பற்றிய திருத்தத்தோடு இந்த எச்சரிக்கையையும் தங்கள் இணைப்பில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ஃபோர்ட் காலின்ஸ், கொலராடோ