மூனி அருவியில் என் பாதம் பிடித்து இறக்கிய அக்காவுக்கு

அமெரிக்காவின் அரிசோனாவில் ஹவாசுப்பாய் பழங்குடி மக்களின் பள்ளத்தாக்கு. முதுகுப்பையோடு 10 மைல் நடந்து, இரவு கூடாரத்தில் தங்கி, காலையில் மூனி அருவிக்கு இறங்கினோம். ஏறத்தாழ 200 அடி. குடைந்த பாறைவழி, இரும்புச் சங்கிலி, சாரலில் ஊறிய மர ஏணி. பாதியில் என் கால்கள் மரத்துவிட்டன. ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை.

நான் யாரையும் அழைக்கவில்லை. கீழே போய்ச் சேர்ந்துவிட்ட நீங்கள் திரும்ப ஏறி வந்தீர்கள், அக்கா. உங்கள் கையுறைகளைக் கழற்றி எனக்கு மாட்டினீர்கள். “பயப்படாதே தம்பி, அடுத்த படி இங்கேதான் இருக்கிறது” என்று, என் பாதத்தைப் பிடித்து ஒவ்வொரு படியிலும் வைத்தீர்கள். அந்த இடத்தில் தமிழைக் கேட்டதுமே பாதி நடுக்கம் போய்விட்டது. வெறுங்கையால் சங்கிலியைப் பற்றிய உங்கள் உள்ளங்கை தோலுரிந்திருந்ததைக் கீழே வந்த பிறகுதான் பார்த்தேன்.

பெயர் கேட்பதற்குள் ஓடையோரம் நடந்து மறைந்துவிட்டீர்கள். கையுறைகள் என்னிடமே இருக்கின்றன. இதைப் படித்தால் ஒரு வார்த்தை எழுதுங்கள், அக்கா. மனமார்ந்த நன்றி.