வெள்ளைச் சட்டையும் பழைய டப்பாவும் எதற்கு?

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். திங்கட்கிழமை 9ஆம் வகுப்புப் பிள்ளைகளின் டைரியில் எழுதி அனுப்பிய இரண்டு வரிகள் வீடுகளில் குழப்பத்தை உண்டாக்கிவிட்டன. "வெள்ளிக்கிழமை வெள்ளை மேல்சட்டை அணிந்து வரவும், நகை வேண்டாம். ஒரு பழைய டப்பா கொண்டுவரவும்." நேற்று முழுக்க தொலைபேசி ஓயவில்லை. "பொம்பளப் பிள்ளை வெள்ளை உடுத்தி, காதுல தோடும் இல்லாம வரணுமா? என்ன சார் இது?" என்று ஒரு பாட்டி நேரிலேயே வந்துவிட்டார். கேட்டது நியாயம்தான். காரணத்தையும் சேர்த்து எழுதாதது என் தவறு.

ஆப்பிரிக்கப் பெண்கள் தங்கள் ஊரில் அமைதியைக் கொண்டுவந்த கதையைப் பிள்ளைகள் நாடகமாக நடிக்கிறார்கள். கதை நடந்த இடம் மேற்கு ஆப்பிரிக்காவில் கடலோரம் இருக்கும் லைபீரியா. அங்கே 1989-இல் தொடங்கிய உள்நாட்டுப் போர், நடுவில் கொஞ்சம் ஓய்ந்து, மறுபடி மூண்டு 2003 வரை நீண்டது. இரண்டு லட்சம் பேருக்கு மேல் மாண்டார்கள். நம் 5ஆம் வகுப்புப் பையன்கள் வயதில் இருந்தவர்கள் கையில் துப்பாக்கி.

2003-இல் லேமா குபோவீ என்ற பெண்ணும் அவருடைய தோழிகளும் தலைநகர் மன்ரோவியாவின் மீன் சந்தை மைதானத்தில் போய் உட்கார்ந்தார்கள். அதிபர் சார்லஸ் டெய்லரின் கார்கள் அந்த வழியாகத்தான் போகும். தேவாலயத்துப் பெண்களும் மசூதிக்குப் போகும் பெண்களும் ஒன்றாக, வெயிலோ மழையோ, தினமும் அங்கேயே இருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே வெள்ளைச் சட்டை, நகை கிடையாது. வெள்ளை அவர்களுக்குச் சமாதானத்தின் நிறம். அலங்காரத்தைத் துறந்து மன்றாட வந்திருக்கிறோம் என்பதற்கு அடையாளம் அந்தக் கோலம். பாட்டியிடம் இதைச் சொன்னேன். பாதி சமாதானம் ஆனார்.

போரிட்டவர்களின் சமாதானப் பேச்சுவார்த்தை கானா நாட்டில் நடந்தது. மன்ரோவியாவில் குண்டு விழுந்துகொண்டிருக்க, தலைவர்களோ எந்தப் பதவி யாருக்கு என்று வாரக்கணக்கில் இழுத்தார்கள். ஜூலையில் பெண்கள் கானாவின் தலைநகர் அக்ராவுக்கே போய், கூட்டம் நடந்த மண்டபத்தின் வாசலில் கைகோத்து உட்கார்ந்துவிட்டார்கள். பேசி முடிக்காமல் யாரும் வெளியே போகக் கூடாது என்றார்கள். கைது செய்யக் காவலர்கள் வந்தபோது குபோவீ தன் உடையைக் களைய ஆரம்பித்தார். ஒரு தாய் அப்படிச் செய்வது பார்ப்பவர்களுக்குச் சாபம் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. காவலர்கள் பின்வாங்கினார்கள். (நாடகத்தில் இந்தக் காட்சி இல்லை, கவலை வேண்டாம். வகுப்பில் மட்டும் மறைக்காமல் சொன்னோம். யாரும் சிரிக்கவில்லை.) ஆகஸ்ட் 18 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது.

எனக்கு இதைவிடப் பிடித்தது அடுத்து நடந்ததுதான். 2005 தேர்தலுக்கு முன், சந்தைப் பெண்களை வாக்காளராகப் பதிவு செய்ய அனுப்பிவிட்டு, அவர்கள் கடையையும் கைக்குழந்தையையும் மற்றப் பெண்கள் பார்த்துக்கொண்டார்கள். அந்தத் தேர்தலில் வென்ற எலன் ஜான்சன் சர்லீஃப், ஆப்பிரிக்காவில் மக்கள் தேர்ந்தெடுத்த முதல் பெண் அதிபர். 2007-இல் நம் நாட்டிலிருந்து பெண் காவலர்கள் மட்டுமே கொண்ட ஒரு பிரிவு ஐ.நா. பணிக்காக மன்ரோவியா போனது. 2011-இல் சர்லீஃப், குபோவீ இருவருக்குமே நோபல் பரிசு. மறு ஆண்டே குபோவீ சர்லீஃப் அரசைக் குறை சொல்லி, தான் வகித்த நல்லிணக்கக் குழுத் தலைவர் பதவியிலிருந்து விலகினார். அதையும் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறோம்.

சரி, டப்பா எதற்கு? அது கென்யாவின் கதை. ஓடை வற்றுகிறது, விறகுக்கு வெகுதூரம் நடக்க வேண்டியிருக்கிறது என்று கிராமத்துப் பெண்கள் சொன்னதைக் கேட்டு, 1977-இல் வங்காரி மாத்தாய் மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கினார். படிக்காத பெண்களால் நாற்று வளர்க்க முடியுமா என்று வனத்துறைக்காரர்களுக்குச் சந்தேகம். பெண்களோ அக்கம்பக்கத்தில் விதை பொறுக்கி, உடைந்த பானையிலும் பழைய டப்பாவிலும் முளைக்க வைத்தார்கள். பிழைத்து நின்ற ஒவ்வொரு கன்றுக்கும் கையில் சிறு தொகை கிடைத்தது. இதுவரை 5 கோடிக்கு மேல் மரங்கள் என்பது இயக்கத்தின் கணக்கு. மாத்தாய்க்கு 2004-இல் கிடைத்தது அமைதிக்கான நோபல். மரம் நட்டதற்கு ஏன் அமைதிப் பரிசு என்று வீட்டில் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.

புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். அண்ணனின் சட்டை தொளதொளவென்று இருந்தாலும் பரவாயில்லை. தோடு கழற்றுவது அவரவர் விருப்பம். டப்பாவின் அடியில் ஆணியால் இரண்டு ஓட்டை போட்டு அனுப்புங்கள், வேப்ப விதையும் மண்ணும் இங்கே இருக்கின்றன.

நாடகம் 3 மணிக்கு. வேலைக்குப் போகும் அம்மாக்கள் வந்து சேர 4 ஆகும் என்றால் சொல்லி அனுப்புங்கள், காத்திருக்கிறோம். மண்டப வாசலாக நடிக்கப்போவது ஆசிரியர் அறையின் வாசல். கணக்கு ஆசிரியர் உள்ளே மாட்டிக்கொள்ளும் தளபதியாக நடிக்கத் தாமாகவே பெயர் கொடுத்திருக்கிறார்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்